மறந்து விடு என்றார்கள்!

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பெண் படுத்திருக்கிறாள். வயது இருபத்தொன்று. அன்றைக்குத்தான் ஆபீசில் அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சந்தோஷத்தைக் கொண்டாடக்கூட நேரமில்லை. வயிற்று வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். டாக்டர் சோதித்துப் பார்த்து விட்டு, "உனக்குக் குழந்தை பிறக்கப் போகிறது" என்றார். "அது எப்படி? இருக்கவே முடியாது!" என்றாள் அவள். சிறிது நேரத்தில் ஆண் குழந்தை பிறந்தது.

நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக் கொண்டு வருகிறாள். "எடுத்துக் கொள்கிறாயா?" என்பது போல் நீட்டுகிறாள். தாய் ஒரு கணம் பார்க்கிறாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கொண்டு விடுகிறாள்.

இது நடப்பது 1960 நவம்பரில், நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த புரூக்ளினில். நிஜத்தில் அல்ல; டெலிவிஷன் தொடரில். 'மேட் மென்' என்ற அந்த அமெரிக்கத் தொடரின் முதல் பருவம் 2007 அக்டோபரில் இந்த நிகழ்ச்சியோடு முடிந்தது. தொடர் அதற்குப் பிறகும் ஏழு வருஷத்துக்கு மேல் ஓடி, 2015 மே மாதத்தில் நிறைவு பெற்றது. மொத்தம் 92 பகுதிகள். ரசிகர்கள் காத்துக் கொண்டே இருந்தார்கள். அந்தக் குழந்தை என்ன ஆயிற்று? தாய் அதைத் தேடிப் போவாளா? வளர்ந்த பிள்ளை ஒரு நாள் வந்து கதவைத் தட்டுமா?

குழந்தை வரவே இல்லை! நம் தொடர்கதை ஆசிரியர்களாக இருந்தால் முப்பதாவது அத்தியாயத்துக்குள் தாயையும் பிள்ளையையும் ஒரு கோவில் வாசலிலாவது சந்திக்க வைத்திருப்பார்கள், இல்லையா? ஆனால் 'மேட் மென்' தொடரை எழுதிய மாத்யூ வைனர் அப்படிச் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று யோசித்துப் பார்த்தால், கதைக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய உண்மை நமக்குப் புலப்படுகிறது.

யார் இந்தப் பெக்கி?

பெக்கி ஓல்ஸன் என்பது அந்தப் பெண்ணின் பெயர். எலிஸபெத் மாஸ் என்ற நடிகை அந்த வேஷத்தில் நடித்தார். நாம் அவளை முதன் முதலில் சந்திப்பது 1960 மார்ச்சில். மாடிஸன் அவென்யூவில் உள்ள ஒரு விளம்பரக் கம்பெனியில், டான் டிரேப்பர் என்ற பெரிய அதிகாரிக்குக் காரியதரிசியாக வேலைக்குச் சேருகிறாள். கத்தோலிக்கக் குடும்பம். குதிரைவால் கொண்டையும் கழுத்து வரை மூடிய உடையுமாக, பள்ளிக்கூடத்திலிருந்து நேரே ஆபீசுக்கு வந்து விட்டவள் போல இருக்கிறாள்.

அந்த ஆபீசில் பீட் காம்ப்பெல் என்று ஓர் இளைஞன். பழைய பெரிய குடும்பத்துப் பிள்ளை. நாக்கில் தேனும் நெஞ்சில் அவசரமும் கொண்டவன். அந்த வாரக் கடைசியில் அவனுக்குக் கல்யாணம். சிநேகிதர்கள் நடத்திய விருந்தில் குடித்து விட்டு, நள்ளிரவில் பெக்கியின் வீட்டுக் கதவைத் தட்டினான். "உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது" என்றான். அவள் கதவைத் திறந்தாள்.

இரண்டு நாளில் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. தேனிலவு முடிந்து திரும்பியவன், ஒன்றுமே நடக்காதது போல் ஆபீசில் நடமாடினான். சில மாதங்களுக்குப் பிறகு, தன் மனத்தாபங்களைச் சொல்லிக் கொள்ள ஆள் வேண்டியிருந்த ஒரு காலை நேரத்தில், மறுபடியும் அவளிடம் வந்தான்.

பெக்கி கெட்டிக்காரி. உதட்டுச் சாயத்துக்கு அவள் எழுதிய விளம்பர வாசகம் வாடிக்கையாளருக்குப் பிடித்துப் போயிற்று. அன்று மாலை எல்லாரும் கொண்டாடப் போனார்கள். ஆட்டமும் பாட்டுமாக இருந்த அந்த இடத்தில், சந்தோஷம் பொங்கும் முகத்துடன் பீட்டை ஆட அழைத்தாள் பெக்கி. "நீ இப்படி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை" என்றான் அவன். அவள் முகம் சுருங்கிப் போவதைப் பார்க்க வேண்டுமே!

சகோதரிகளே, துரோகம் என்றால் பெரிய சதித் திட்டம் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஒரு பெண்ணின் துக்கத்தில் பங்கு கொள்ளாதவனைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு. அவளுடைய சந்தோஷத்தையே பொறுக்க முடியாதவன் இந்தப் பீட். அவளுடைய வயிற்றில் தன் பிள்ளை வளருவது அப்போது அவனுக்கும் தெரியாது; அவளுக்கும் தெரியாது. உடம்பு பருத்துக் கொண்டு வந்தது. ஆபீசில் கேலி செய்தார்கள். நடந்ததை மனம் ஒப்புக் கொள்ளாவிட்டால் கண்ணாடி காட்டுவதைக்கூடக் கண் பார்க்காது போலிருக்கிறது.

பெரிய மனிதரின் யோசனை

பிரசவத்துக்குப் பிறகு பெக்கி ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். இந்தப் பகுதி தொடரின் இரண்டாவது பருவத்தில்தான் நமக்குக் காட்டப்படுகிறது. தாயாரும் அக்காவும் பக்கத்தில் நிற்கிறார்கள். மருந்தின் மயக்கத்தில் கண் சொருகிக் கிடக்கிறாள் பெக்கி.

காணாமற் போன தன் காரியதரிசியைத் தேடிக் கொண்டு டான் டிரேப்பர் வருகிறார். கட்டிலருகில் உட்காருகிறார். திட்டவில்லை, துருவித் துருவிக் கேட்கவும் இல்லை. ஒரே ஒரு யோசனை சொல்கிறார். டாக்டர்கள் என்ன கேட்கிறார்களோ அதைச் சொல்லி விட்டு வெளியே வா. முன்னால் நடந்து கொண்டே இரு. இது நடக்கவே இல்லை என்று வைத்துக் கொள். எவ்வளவு சீக்கிரம் இது நடக்காததாகவே ஆகி விடுகிறது என்று பார்த்து நீயே ஆச்சரியப்படுவாய் என்கிறார்.

இதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தமக்கு வேலை செய்த மருந்து என்று நினைத்துக் கொண்டிருந்ததைத்தான் கொடுத்தார். டான் டிரேப்பர் என்பது அவருடைய சொந்தப் பெயரே அல்ல! கொரிய யுத்தத்தில் செத்துப் போன ஓர் அதிகாரியின் பெயரைத் தமக்குச் சூட்டிக் கொண்டு, பழைய பெயரையும் பழைய உறவுகளையும் அங்கேயே புதைத்து விட்டு வந்தவர் அவர்.

பெக்கி அந்த யோசனையைக் கேட்டாள். வெளியே வந்தாள். குழந்தையைத் தத்துக் கொடுத்து விட்டாள். எழுந்தாள், நடந்தாள், ஒவ்வொரு படியாக ஏறினாள். காரியதரிசியாக வந்தவள், ஆண்கள் மட்டுமே எழுதிக் கொண்டிருந்த விளம்பரப் பகுதியில் தனக்கென்று ஓர் அறையும் கதவில் தன் பெயரும் பெற்றாள். யோசனை பலித்து விட்டதாகத்தானே தோன்றுகிறது?

ஈஸ்டர் முட்டை

பலிக்கவில்லை என்பதைத் தொடர் நமக்குச் சின்னச் சின்ன இடங்களில் காட்டிக் கொண்டே போகிறது. ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

பெக்கியின் அக்கா அனீட்டாவுக்கு மனத்தில் ஒரே எரிச்சல். இவ்வளவும் செய்து விட்டு எதுவும் நடக்காதது போல் தங்கை உத்தியோகம் பார்க்கிறாளே, கோவிலுக்கு வந்த இளம் பாதிரியார்கூட அவளோடு சிரித்துப் பேசுகிறாரே என்ற பொருமல். பாவ மன்னிப்புக் கேட்கும் கூண்டுக்குள் போய்த் தன்னுடைய கோபத்தைச் சொல்லுகிறேன் என்ற பெயரில் தங்கையின் ரகசியத்தையும் பாதிரியாரிடம் கொட்டி விட்டாள்.

ஈஸ்டர் பண்டிகை வருகிறது. கோவில் தோட்டத்தில் குழந்தைகள் வர்ண முட்டைகளைத் தேடி ஓடுகிறார்கள். பாதிரியார் பெக்கியின் அருகில் வந்து ஒரு முட்டையை அவள் கையில் கொடுக்கிறார். சின்னவனுக்கு என்று சொல்லி விட்டு நகர்ந்து விடுகிறார்.

அவ்வளவுதான். ஆனால் பெக்கி நின்ற இடத்திலேயே நிற்கிறாள். தன்னுடைய ரகசியம் வெளியே போய் விட்டது. சொன்னது யார் என்பதும் அவளுக்குப் புரிந்து விட்டது. காதலன் செய்ததை விடக் கூடப் பிறந்தவள் செய்தது ஒரு படி மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு எப்படியோ!

இன்னொரு வேடிக்கை. பீட்டின் மனைவி ட்ரூடிக்கு வெகு காலம் குழந்தை இல்லை. தத்து எடுக்கலாம் என்று அவள் கெஞ்சுகிறாள். குடும்ப ரத்தம், வம்சம் என்றெல்லாம் சொல்லி அவன் மறுக்கிறான். அவனுடைய சொந்த ரத்தம் யாரோ ஒருவர் வீட்டில் தத்துப் பிள்ளையாக வளருவது பார்க்கிற நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

காணாமற் போன பங்கு

1962 அக்டோபரில் கியூபா நெருக்கடி வந்தது. ருஷ்ய ஏவுகணைகள் எந்த நிமிஷம் நியூயார்க்கில் விழுமோ என்று ஊரே நடுங்கிக் கொண்டிருந்த ஒரு மாலை. பீட் பெக்கியைத் தன் அறைக்கு அழைத்து, உன்னைத்தான் நான் நேசிக்கிறேன், உன்னையே கட்டியிருக்க வேண்டும் என்கிறான். உலகம் முடியப் போகிறது என்றால்தான் சிலருக்கு உண்மை பேசத் தைரியம் வருகிறது!

பெக்கி அழவில்லை, கத்தவில்லை. அடங்கிய குரலில், உன் குழந்தையைப் பெற்றேன், கொடுத்து விட்டேன் என்கிறாள். நினைத்திருந்தால் உன்னை வெட்கப்படுத்தி என்னோடு கட்டிப் போட்டிருக்கலாம். எனக்கு வேறு ஆசைகள் இருந்தன என்கிறாள். அவன் மலைத்துப் போகிறான். இதை ஏன் என்னிடம் சொன்னாய் என்று கேட்கிறான்.

அதற்கு அவள் சொல்லும் பதிலை இந்தத் தொடரைப் பார்த்த எவரும் மறக்க மாட்டார்கள். ஒரு நாள் முழுசாக இருக்கிறோம். மறுநாள் நம்மில் ஒரு பங்கு குறைந்து போகிறது. அது எங்கேயோ வெளியே உயிரோடு இருக்கிறதோ, திரும்பக் கிடைக்குமோ என்று நினைத்துக் கொண்டே இருக்கிறோம். பிறகு ஒரு நாள், அது போயே போய் விட்டது என்று தெரிந்து கொள்கிறோம் என்பது அவள் சொன்னதன் கருத்து. அவன் தோளை ஒரு முறை தொட்டு விட்டு எழுந்து போய் விடுகிறாள்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் வருஷக்கணக்கில் ஒரே ஆபீசில் வேலை செய்கிறார்கள். ஒரே கூட்டத்தில் உட்காருகிறார்கள், ஒருவர் தயவு மற்றவருக்கு வேண்டியிருக்கிறது, சிரித்துக்கூடப் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை எங்கே, எப்படி என்று இருவரும் உட்கார்ந்து பேசும் காட்சி ஒன்று கடைசி வரை இல்லை. ட்ரூடி கர்ப்பமாகிறாள். பெக்கி பீட்டின் அறைக்குப் போய் வாழ்த்துச் சொல்கிறாள். தன் அறைக்குத் திரும்பியதும் மேஜையில் தலையை மோதிக் கொள்கிறாள். வசனமே கிடையாது!

1965 மே 25-ம் தேதி இரவு. பெக்கிக்கு அன்று இருபத்தாறாவது பிறந்த நாள். டானும் அவளும் மட்டும் ஆபீசில் வேலையாக இருக்கிறார்கள். அதை எப்போதாவது நினைப்பதுண்டா என்று டான் கேட்கிறார். நினைக்காமல் இருக்கத்தான் பார்க்கிறேன், எங்கிருந்தோ வந்து விடுகிறது, குழந்தைகள் விளையாடும் மைதானங்களைப் பார்த்தால் என்கிறாள் அவள். நடக்கவே இல்லை என்று சொல்லி விட்டால் போதும் என்றாரே, நாலு வருஷத்துக்கு மேலாகியும் அது நடந்து கொண்டேதான் இருக்கிறது!

பதினைந்து லட்சம் தாய்மார்கள்

இது கற்பனைதானே, இதற்கு ஏன் இத்தனை உருக்கம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த 1945-லிருந்து 1973 வரை, அமெரிக்காவில் மணமாகாத தாய்மார்கள் சுமார் 15 லட்சம் பேர் தங்கள் குழந்தைகளைத் தத்துக் கொடுத்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் மனம் ஒப்பிக் கொடுத்தவர்கள் அல்ல. வயிறு வெளியே தெரியத் தொடங்கியதும் வெளியூரில் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி, இதற்கென்று இருந்த விடுதிகளுக்கு அனுப்பி விடுவார்கள். பிரசவமாகும், கையெழுத்து வாங்குவார்கள், குழந்தை ஒரு கதவு வழியாகப் போகும், பெண் இன்னொரு கதவு வழியாக வீட்டுக்கு வருவாள். பெற்றோரும் பாதிரியாரும் சமூக ஊழியர்களும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "மறந்து விடு. உனக்குக் கல்யாணம் ஆகும், வேறு குழந்தைகள் பிறக்கும்."

தத்துப் பிள்ளையாகவே வளர்ந்த ஆன் ஃபெஸ்லர் என்ற பெண்மணி, இப்படிக் குழந்தையைக் கொடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட தாய்மாரைச் சந்தித்துப் பேசி, 2006-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்தத் தாய்மார்களில் பலர் நாற்பது வருஷம் கணவனிடம்கூடச் சொல்லாமல் இருந்தவர்கள். மறந்து விடு என்று கேட்டுக் கொண்டவர்கள் மறந்து விட்டார்கள், பெற்றவள் மறக்கவில்லை.

இந்தத் தினுசான துக்கத்துக்கு மனோதத்துவ நிபுணர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கென்னத் டோக்கா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989-ல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'உரிமை மறுக்கப்பட்ட துக்கம்' என்று நாம் சொல்லலாம். ஒருவர் இறந்தால் நாலு பேர் வந்து உட்காருகிறார்கள். அழ இடம் கொடுக்கிறார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சாப்பாடு வருகிறது. ஆனால் வெளியே சொல்லக் கூடாத இழப்புக்கு யார் வருவார்கள்? துக்கப்படவே உனக்கு உரிமை இல்லை என்று உலகம் சொல்லி விடுகிறது. அழுது தீர்க்காத அழுகை உள்ளேயே தங்கி விடுகிறது. நம்முடைய பாரதக் கதையில் பேழையில் வைத்து ஆற்றில் விட்ட பிள்ளையைப் பற்றிக் குந்தி யுத்தம் வரும் வரையில் வாய் திறக்கவில்லையே, அவள் மனத்தில் ஆறு ஓடிக் கொண்டேதானே இருந்திருக்கும்?

ஆஸ்திரேலியாவில் இதே போல் குழந்தைகளைப் பறி கொடுத்த தாய்மாரிடம், பிரதம மந்திரி ஜூலியா கில்லார்ட் 2013 மார்ச் 21-ந் தேதி நாட்டின் சார்பாக மன்னிப்புக் கேட்டார். அயர்லாந்தில் தாய் சேய் விடுதிகளில் நடந்தவற்றுக்கு 2021 ஜனவரியில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அரை நூற்றாண்டு கழித்து வந்தாலும், 'அது நடந்தது' என்று ஒப்புக் கொள்ளும் வார்த்தை அல்லவா?

பத்து வருஷம் கழித்து ஒரு பதில்

குழந்தை வரவில்லை என்றேன். ஆனால் பெக்கியின் துக்கத்துக்குத் தொடர் பதிலே சொல்லவில்லை என்று நினைத்து விடாதீர்கள். பதில் வேறு உருவத்தில் வருகிறது.

கதை 1970-க்கு வந்து விட்டது. ஒரு விளம்பரத்துக்குச் சிறுவர் சிறுமியரைத் தேர்ந்தெடுக்கும் வேலை பெக்கிக்கு. ஒரு சிறுமி விளையாட்டாகக் காகிதம் தைக்கும் கருவியால் விரலைக் குத்திக் கொண்டு விடுகிறாள். தாய்க்காரி வந்து சத்தம் போடுகிறாள். அதைப் பற்றிப் பேசும்போது, தாய்மாரைக் குறை சொல்லி ஏதோ பேசி விடுகிறார் கூட வேலை செய்யும் ஸ்டான் என்ற ஓவியர். பெக்கிக்குப் பொறுக்கவில்லை. ஒரு பெண் தவறு செய்து விட்டு, ஓர் ஆணைப் போலவே அதைக் கடந்து போகக் கூடாதா என்று கேட்கிறாள். பேச்சு வளர வளர, அவள் யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்பது ஸ்டானுக்கு மெள்ள மெள்ளப் புரிகிறது. குழந்தை எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியாது. அக்கறை இல்லாததால் அல்ல, தெரிந்து கொண்டால் மேலே நடக்க முடியாது என்பதால்தான் என்கிறாள் அவள். ஸ்டான் உபதேசம் செய்யவில்லை. முகம் சுளிக்கவில்லை. கேட்டுக் கொண்டார். அந்த ஸ்டானைத்தான் கடைசிப் பகுதியில் அவள் நேசிக்கிறாள் என்று தெரிந்து கொள்கிறாள்.

அதே கடைசிப் பகுதியில் டான் கலிபோர்னியாவில் ஓர் ஆசிரமம் போன்ற இடத்தில் இருக்கிறார். அவரோடு ஸ்டெஃபனி என்ற இளம்பெண். அவளும் பெற்ற குழந்தையைப் பிரிந்து வந்தவள். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து மனம் விட்டுப் பேசும்போது, ஒருத்தி சுருக்கென்று ஏதோ சொல்லி விட, எழுந்து வெளியே ஓடுகிறாள். டான் பின்னாலேயே போய், பத்து வருஷத்துக்கு முன் பெக்கிக்குச் சொன்ன அதே யோசனையைச் சொல்கிறார். இதையெல்லாம் பின்னால் தள்ளி விடலாம், முன்னே போகப் போக எளிதாகி விடும் என்கிறார்.

நீங்கள் சொல்வது சரியென்று எனக்குத் தோன்றவில்லை என்கிறாள் ஸ்டெஃபனி.

அந்த ஒரு வாக்கியத்தில் டானின் வாழ்க்கைத் தத்துவமே இடிந்து விழுகிறது. அந்த இடத்திலிருந்து அவர் யாருக்கு டெலிபோன் செய்கிறார் தெரியுமா? பெக்கிக்கு! தாம் செய்த துரோகங்களை, இன்னொருவன் பெயரைத் திருடியதை எல்லாம் சொல்லிக் கலங்குகிறார். பெக்கி கேட்கிறாள். வீட்டுக்குத் திரும்பி வாருங்கள் என்று அழைக்கிறாள். நடக்கவில்லை என்று நினைத்துக் கொள்ளுங்கள் என்று மட்டும் அவள் சொல்லவே இல்லை.

இதற்காகத்தான் குழந்தையைத் திரும்பக் கொண்டு வரவில்லை போலிருக்கிறது. பிள்ளை வந்து "அம்மா" என்று கூப்பிட்டிருந்தால், நாம் கண்ணைத் துடைத்துக் கொண்டு மறந்திருப்போம். அத்தனை லட்சம் பேரில் பலருக்குப் பிள்ளை வரவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது கேட்கிற ஒரு காது.

நியூயார்க் ராஜ்யத்தில் தத்துப் பிள்ளைகளின் அசல் பிறப்புப் பத்திரங்களைப் பல பத்து ஆண்டுகளாக முத்திரை வைத்துப் பூட்டி வைத்திருந்தார்கள். 2020 ஜனவரியில் சட்டம் மாறியது. பதினெட்டு வயது நிரம்பிய தத்துப் பிள்ளை எவரும் தம்முடைய அசல் பத்திரத்தைக் கேட்டு வாங்கிக் கொள்ளலாம். பெக்கியின் மகன் நிஜமாக இருந்திருந்தால் அப்போது அவனுக்கு ஐம்பத்தொன்பது வயது. தலை நரைத்த ஒருவர் மனுப் போட்டு, தபாலில் வந்த உறையைப் பிரித்து, தாயார் பெயர் என்ற இடத்தில் முதன் முதலாக ஒரு பெயரைப் படிக்கிறார். அவர் கற்பனை, ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பிறகு அப்படி உறையைப் பிரித்தவர்கள் கற்பனை அல்ல.

சகோதரிகளே, உங்களுக்குத் தெரிந்த வயதான அம்மாள் யாராவது, அடுக்களையில் காய் நறுக்கிக் கொண்டே, யாரும் கேட்காமல் அந்தக் காலத்துச் சமாசாரம் ஒன்றைத் தொடங்கி, பாதியில் நிறுத்தினால், "பழசையெல்லாம் இப்போது எதற்கு?" என்று சொல்லி விடாதீர்கள். அடுப்பைச் சற்றே தணித்து விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள்.